கடல்மேல் ஒரு கோடு

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

மூட்டுவலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே வளவில் ஓடு மாற்றும் வேலை இழுத்துக்கொண்டே போகிறது. பங்காளிகள் எல்லாரும் சரி என்று சொல்வதற்குள் அடுத்த மழையே வந்துவிடும்.

அண்ணன் மகள் லீவுக்கு வந்திருந்தாள். செயற்கைக்கோள் தரவை வைத்துக் கப்பல் புகையை ஆராய்கிறாள். முகப்பில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஒரு படம் காட்டினாள். இலங்கையின் தென்முனையிலிருந்து சுமத்ராவின் வடமுனை வரை, கடல்மேல் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு. கப்பல்கள் வரிசையாகப் போகும் தடத்தில் அவற்றின் புகையிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவாம். நீ கப்பல் எஞ்சின் ரூமில் வெந்து சம்பாதித்த புகையும் அதில் சேர்த்திதான்! நம் ஐயாக்கள் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கு போன வழி இதற்கு வடக்கே.

2017இல் ஏவிய சென்டினல்-5பி செயற்கைக்கோளில் ட்ரோப்போமி என்றொரு கருவி. பூமியில் பட்டுத் திரும்பும் வெயிலில் நீல ஒளியைக் கொஞ்சம் இந்த வாயு விழுங்கிவிடும். எவ்வளவு குறைகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். ஒருநாள் படத்தில் கோடு சரியாகத் தெரியாது, மாதக்கணக்கில் சராசரி எடுத்தால்தான் துலங்கும். வாயு சில மணி நேரத்தில் மாறிப்போய்விடும், ஆனால் பின்னாலேயே அடுத்த கப்பல் அதே தடத்தில் வருகிறதே!

2020 ஜனவரியில் கப்பல் எண்ணெயில் கந்தகத்தின் உச்சவரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5ஆகக் குறைத்தார்களே, கோடு மங்கியிருக்க வேண்டாமா என்று கேட்டேன். இல்லையாம். கந்தகம் எண்ணெயோடு வருவது. இந்த வாயு பெரும்பாலும் எஞ்சின் சூட்டில் காற்றின் நைட்ரஜனே எரிந்து உண்டாவது. எண்ணெய் மாறினாலும் சூடு மாறவில்லை. குறைந்தது மின்னல்! கந்தகத் துகள் மேகத்தில் ஏறி அந்தத் தடத்தின் மேல் மின்னலை இரட்டிப்பாக்கியிருந்ததாம். விதி வந்தபின் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. அதைக் கண்டுபிடித்தது மட்டும் கோள் இல்லை, தரையில் உள்ள கருவிகள்.

நைட்ரஜனுக்கும் கடுமையான விதி உண்டு. ஆனால் வட அமெரிக்கக் கரை, பால்டிக், வடகடல் என்று அந்தப் பக்கத்துக் கடல்களுக்கு, அதுவும் புதுக் கப்பல்களுக்கு. நம் பக்கத்துக்குக் கிடையாது. எனக்கு இதுதான் ஆறவில்லை.

அப்புறம், வேகத்தைக் குறைத்து ஓட்டினால் புகை எப்படி மாறும் என்று உன்னிடம் கேட்க வேண்டுமாம். நம்பர் கொடுத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். சாப்பிட்டதும் தூங்கிவிடாதே. சீப்புச்சீடையும் அவளிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
முத்து