மூணாவது டப்பா பீரோவுலயே இருந்துச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

ரத்தம் வழியா பரவி லிவரைக் கெடுக்கற ஹெபடைடிஸ் சி வைரஸ் நோய் இப்ப மாத்திரையிலயே குணமாயிடும்னு போன வாரம் உங்க பேப்பர்ல எழுதியிருந்தீங்க, உண்மைதான், ஆனா ஒரு விஷயம் விட்டுப்போச்சு, அதை எங்க வீட்ல பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதால எழுதறேன்.

எங்கண்ணன் லாரி டிரைவர். 1996ல ஆக்சிடென்ட் ஆகி ரத்தம் ஏத்துனாங்க, அப்பெல்லாம் தானம் குடுக்கற ரத்தத்துல இந்த வைரஸ் இருக்கான்னு பாக்கணும்னு கட்டாயம் கிடையாது. இருவது வருஷத்துக்கு மேல ஒண்ணும் தெரியல, ஒரு ஆபரேஷனுக்கு டெஸ்ட் எடுத்தப்பதான் தெரிஞ்சுது. சோபோஸ்புவிரும் டக்லடாஸ்விரும் சேந்த மாத்திரை 12 வாரத்துக்கு எழுதுனாங்க, தினம் ஒண்ணு, டப்பாவுக்கு 28 வீதம் மூணு டப்பா. ரெண்டு டப்பா முடிஞ்சதும் அசதி போயி நல்லா பசிக்க ஆரம்பிச்சுது, லோடு ஏத்திக்கிட்டு கிளம்பிட்டார். மூணாவது டப்பா சீல் கூட பிரிக்காம பீரோவுல அண்ணி புடவைக்கு அடியில கெடந்ததை தீபாவளிக்கு வீடு ஒதுங்க வெக்கறப்பதான் பாத்தேன். மாத்திரை முடிஞ்சு 12 வாரம் கழிச்சு ரத்தத்துல வைரஸ் மிச்சம் இருக்கான்னு (வைரல் லோடு) பாக்க வாங்கன்னு அந்த ஆஸ்பத்திரியிலயும் யாரும் ஒரு வார்த்தை சொல்லல.

திரும்ப வந்துடுச்சுங்க, அதுவும் லிவர் சுருங்கற நிலைமையில.

இப்ப பாக்கற டாக்டர் பொறுமையா சொன்னாரு. இந்த வைரஸ் ஒடம்புல ஒரு நாளைக்கு லட்சம் கோடி கணக்குல பெருகுமாம், தன்னை காப்பி எடுக்கறப்ப வர்ற தப்பை திருத்திக்கற ஏற்பாடு அதுக்கு இல்லையாம், அதனால ஒரே ஆள் ரத்தத்துலயே ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் வேறயா ஏகப்பட்டது இருக்கும். உலகத்துல இதுல 8 ஜீனோடைப், அதாவது ரகம், இருக்கு, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் ஜீன்ல சுமார் 30 சதவீதம் வித்தியாசம், எட்டாவதையே 2018லதான் கனடாவுல இருந்த பஞ்சாப்காரங்க 4 பேர்கிட்ட கண்டுபிடிச்சாங்க. தடுப்பூசி இன்னும் வராததுக்கு இதுவும் ஒரு காரணம். நம்ம நாட்டுல அதிகம் 3வது ரகம், அண்ணனுக்கும் அதுதான், லிவர் கெட்ட பிறகு மத்ததை விட இதுதான் மருந்துக்கு மசியாது. மாத்திரையை பாதியில விட்டா மருந்துக்கு சாகற வைரஸ் செத்து, தாங்கற வைரஸ் மட்டும் மிஞ்சி அதுவே பெருகிடும். அண்ணன் ரத்தத்தை அனுப்பி பாத்ததுல டக்லடாஸ்விர் போயி புடிக்கற என்எஸ்5ஏங்கற வைரஸ் புரதத்துல 93வது இடத்துல இருக்கற அமினோ அமிலம் மாறியிருக்கு, அந்த ஒண்ணு மாறுனாலே டக்லடாஸ்விர் சரியா புடிக்காது, அந்த மாற்றம் வருஷக்கணக்கா போகவும் போகாது. சோபோஸ்புவிர் மட்டும் அவ்வளவு சுலபமா தோக்காதாம், அதை வெச்சுத்தான் மறுபடி வைத்தியம்.

2018 ஜூலையில இருந்து தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டு திட்டத்துல மாத்திரை இலவசமா தர்றாங்க, அதுல சோபோஸ்புவிர் மட்டுமே 12 வாரத்துக்கு அமெரிக்காவுல ஒரு காலத்துல 84,000 டாலருக்கு வித்த மருந்து, நெனச்சா கையெடுத்து கும்பிடணும். ஆனா முதல் டப்பா குடுக்கறப்பவே கடைசி டெஸ்டுக்கு வரவேண்டிய தேதியை சீட்டுல பெருசா எழுதிக் குடுங்க, வரலன்னா போன் பண்ணுங்க. வைரஸ் திரும்பி வந்தவங்களுக்கு எந்த மருந்துக்கு வைரஸ் மசியாதுன்னு பாக்கற ரெசிஸ்டன்ஸ் டெஸ்டும் எல்லா மாவட்டத்துலயும் இலவசமா எடுக்கணும். இன்னொண்ணு, ஆன்டிபாடி டெஸ்ட் குணமானவங்களுக்கும் பாசிட்டிவ்னுதான் காட்டும், அதை பாத்து பயப்படவேண்டாம், வைரஸ் இப்ப ரத்தத்துல இருக்கான்னு காட்டற ஆர்என்ஏ டெஸ்ட்தான் கேக்கணும்.

அண்ணனுக்கு இந்த தடவ 24 வாரம், சோபோஸ்புவிர், வெல்படாஸ்விரோட ரிபாவிரினும் சேத்து. ரிபாவிரினால ரத்தம் கொறஞ்சு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குது. இன்னும் 5 வாரம் இருக்கு, தினமும் ராத்திரி 9 மணிக்கு போன் போட்டு மாத்திரை போட்டாச்சான்னு கேட்டுட்டுத்தான் படுக்கறேன்.

ஒரு வாசகி,
நாமக்கல்.