வேறு பட்டத்தோடு ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) படிக்க வரப்போகிறவளுக்கு

அன்புத் தோழி,

உன் நீண்ட கடிதம் வந்து சேர்ந்தது. பிளேஸ்மென்ட், அதாவது மருத்துவமனைக் களப்பயிற்சி, ஓடிக்கொண்டிருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. நாள் முழுக்க வார்டில் நின்றுவிட்டு, ராத்திரி குறிப்பு எழுதிவிட்டுப் படுத்தால், அதற்கு மேல் பேனா பிடிக்கத் தெம்பு இருக்காது. இப்போது ஒரு வாரம் ஓய்வு. முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன்.

பக்கவாதத்துக்குப் பிறகு உன் அம்மா எழுந்து நடக்கிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் "இடது பக்கம் வைத்தால் எதையும் தொடுவதில்லை, வேண்டுமென்றே பிடிவாதம் பிடிக்கிறார்" என்று எழுதியிருந்தாயே, அது பிடிவாதம் இல்லை. மூளையின் வலது பக்கத்தைத் தாக்கும் பக்கவாதத்தில் சிலருக்கு இடது பக்க உலகமே கவனத்திலிருந்து நழுவிவிடும். கண் நன்றாகத்தான் தெரியும். தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு "போதவில்லை" என்பார்கள். சில ஆண்கள் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்துவிட்டு எழுந்துவிடுவார்கள். கோபித்துக்கொண்டு பயன் இல்லை. இடது ஓரத்தில் பளிச்சென்று ஒரு நிறப்பட்டை ஒட்டி, அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக்குவது ஒரு வழி. உங்கள் வீட்டுக்கு வந்த தெரபிஸ்ட்டிடம் இதைக் குறிப்பாகக் கேள். அவர் அம்மாவை நேரில் பார்த்தவர், நான் பார்க்கவில்லை.

அந்தத் தெரபிஸ்ட்டைப் பற்றி நீ எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். "பயிற்சி எதுவும் தரவில்லை. நாற்காலியின் உயரத்தை அளந்தார், குளியலறையை எட்டிப் பார்த்தார், அம்மாவுக்கு எதைத் தானாகச் செய்ய ஆசை என்று கேட்டார், போய்விட்டார். இதுவா வேலை என்று நினைத்தேன். அப்புறம் இதையே படித்தால் என்ன என்று தோன்றுகிறது." சரியான இடத்தில்தான் உனக்குப் பொறி தட்டியிருக்கிறது. நாற்காலி தாழ்வாக இருந்தால் இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விடும். அங்கிருந்து எழுவதற்குத் தொடையில் நிறைய பலம் வேண்டும். நாற்காலிக் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தினால், அதே பலத்தோடு அதே மனிதர் யார் கையையும் பிடிக்காமல் எழுந்துவிடுவார். ஆளை மாற்ற முடியாத இடத்தில் செய்யும் முறையை மாற்று, இல்லையா, இடத்தை மாற்று. ஆக்குபேஷனல் தெரபியில் பாதி இதுதான்.

உளவியல் பட்டமும் இத்தனை வருட அலுவலக வேலையும் வைத்துக்கொண்டு இந்தப் படிப்புக்குப் போக முடியுமா என்று கேட்டிருந்தாய். எந்த நாட்டில் படிக்கப்போகிறாய் என்பதைப் பொறுத்துத்தான் பதில். பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளில் வேறு துறையில் பட்டம் வாங்கியவர்களுக்கென்றே முதுநிலைப் படிப்பு உண்டு; முழுநேரமாகப் படித்தால் பெரும்பாலும் இரண்டு வருடம். அமெரிக்காவில் தொழிலுக்குள் நுழையவே முதுநிலையோ முனைவர் நிலையோ வேண்டும். இந்தியாவில் அமைப்பு வேறு. அங்கே எம்.ஓ.டி. என்ற முதுநிலைப் படிப்பு, பி.ஓ.டி. என்ற இளநிலை ஓ.டி. பட்டம் முடித்தவர்கள் மேலே படிப்பது. உளவியல் பட்டத்தோடு நேராக அதில் சேர முடியாது. பெயரைப் பார்த்து ஏமாறாதே. "முதுநிலை" என்று போட்டிருக்கும் சில படிப்புகள் ஏற்கெனவே தெரபிஸ்ட்டாக இருப்பவர்களுக்கானவை. அதை முடித்தாலும் தெரபிஸ்ட்டாக வேலை செய்யத் தேவையான பதிவேட்டில் உன்னைச் சேர்க்கமாட்டார்கள்.

ஆகவே கல்லூரியின் புகழ், கட்டடம், நூலகம் எல்லாவற்றையும் அப்புறம் பார். அந்த நாட்டின் பதிவு அமைப்பு இந்தப் படிப்பை அங்கீகரித்திருக்கிறதா என்பதை முதலில் பார். பிரிட்டனில் அது ஹெச்.சி.பி.சி. (சுகாதார, பராமரிப்புத் தொழில்களுக்கான கவுன்சில்); அங்கே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்ற பட்டப் பெயரே சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது, பதிவு இல்லாதவர் அப்படிச் சொல்லிக்கொள்வது குற்றம். ஆஸ்திரேலியாவில் 2012 முதல் நாடு முழுவதற்கும் ஒரே பதிவு. அமெரிக்காவில் படிப்பு முடிந்ததும் தேசியத் தேர்வு ஒன்று, அதன் பிறகு மாநில உரிமம். ஒரு நாட்டில் பதிவு வாங்கிவிட்டால் இன்னொரு நாட்டில் தானாகச் செல்லுபடியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் கூட்டமைப்பின் அங்கீகாரம் இருக்கிற படிப்பு என்றால் வெளிநாட்டில் விண்ணப்பிக்கும்போது கை கொடுக்கும், ஆனால் கதவைத் திறந்துவிடாது.

வயதைப் பற்றி நீ இரண்டு பக்கம் புலம்பியிருக்கிறாய். அதற்கு வரலாற்றிலிருந்தே பதில் சொல்கிறேன். 1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் கூடி இந்தத் தொழிலுக்கு முதல் சங்கம் அமைத்தவர்கள் யார் யார் தெரியுமா? இரண்டு கட்டடக் கலைஞர்கள், ஒரு மனநல மருத்துவர், சமூகப் பணியிலிருந்து வந்த ஒரு பெண், கைவினை ஆசிரியை ஒருவர், ஒரு செயலாளர். கூட்டத்தைக் கூட்டிய ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர். காசநோயும் இடது பக்க முடக்கமும் தந்த அனுபவத்தில் தன்னைத் தானே வேலை செய்து தேற்றிக்கொண்டவர். செயலாளராக வந்த இசபெல் நியூட்டன் பிற்பாடு அவரையே மணந்துகொண்டார், அது தனிக்கதை. பிரிட்டனில் 1930-இல் பிரிஸ்டலில் முதல் பள்ளியான டார்செட் ஹவுஸைத் தொடங்கிய எலிசபெத் காஸன், முப்பது தாண்டிய பிறகு மருத்துவம் படிக்கப் போனவர். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1950-இல் இந்தியாவின் முதல் பள்ளியைத் தொடங்கிய கமலா நிம்ப்கருக்கு அப்போது ஏறத்தாழ ஐம்பது வயது. எங்கிருந்தோ வந்தவர்கள் கட்டிய வீடு இது. எங்கள் வகுப்பிலும் ஆசிரியை, கணக்காளர், சமையல்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் எல்லாரும் இருக்கிறார்கள். நேர்முகத்தில் "வயது என்ன" என்று யாரும் கேட்கமாட்டார்கள். "பிசியோவுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்" என்று கட்டாயம் கேட்பார்கள். பிசியோ தோளை எவ்வளவு தூக்க முடிகிறது என்று பார்ப்பார், நாம் அந்தக் கையை எதற்காகத் தூக்க வேண்டும் என்று கேட்போம் என்பது பாடப்புத்தகப் பதில். உண்மையில் ஒரே வார்டில் இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்கிற நாட்களும் உண்டு. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நீ நேரில் போய்ப் பார்த்திருக்கிறாய் என்று தெரியும். விண்ணப்பிக்கும் முன்னே ஒரு தெரபிஸ்ட்டோடு சில நாள் நிழலாக நடந்துவிட்டு வா.

படிப்பு எப்படி என்று கேட்டாய். உடற்கூறு, நரம்பியல் எல்லாம் உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். உளவியலில் நீ எங்களுக்கெல்லாம் முன்னால் நிற்பாய். ஒருவரின் சிக்கலை எப்படி அணுகுவது என்று காட்ட, மாடல் என்று வட்டமும் அம்பும் போட்ட படங்கள் நிறைய வரும். ஆள், சூழல், செயல் என்ற மூன்று வட்டங்களை விதவிதமாக வெட்டி ஒட்டியவைதான் அவற்றில் பாதி என்பது என் கருத்து. இதைப் பேராசிரியரிடம் சொல்லிவிடாதே. கீல்ஹோஃப்னரின் மாடல் மட்டும் எனக்கு நிஜமாகவே உதவியது. ஒருவருக்குச் செய்ய முடியவில்லையா, செய்யும் பழக்கம் குலைந்துபோயிற்றா, செய்ய மனமே இல்லையா என்று பிரித்துப் பார்க்க அது சொல்லித்தரும். மனநல வார்டில் இந்தக் கேள்வி இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது.

செயல் பகுப்பாய்வு என்று ஒரு வகுப்பு. சட்டைப் பொத்தான் போடுவதைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுது என்றார்கள். துளையைக் கண்ணால் தேட வேண்டும், ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும், மற்றதன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பொத்தானைச் சாய்க்க வேண்டும், உடல் சாயாமல் நிற்க வேண்டும், எத்தனாவது பொத்தான் எத்தனாவது துளை என்று மனம் கணக்கு வைக்க வேண்டும். அதை எழுதி முடித்தவள் மறுநாள் காலை சட்டை போடவே தடுமாறினேன்! உன் அம்மாவுக்கு உதவும் ஒன்றும் அதில் கற்றேன்: சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். செய்து பார், சண்டை குறையும்.

ஆனால் உண்மையான படிப்பு பிளேஸ்மென்ட்தான். உலகக் கூட்டமைப்பின் குறைந்தபட்ச அளவுப்படி 1000 மணிநேரம் களத்தில் இருந்தாக வேண்டும். சம்பளம் கிடையாது, போக்குவரத்து, விடுமுறை, வீட்டுப் பொறுப்பு எல்லாம் அதைச் சுற்றித்தான் ஓடும். பகுதிநேர வேலை செய்துகொண்டே படிக்கலாம் என்று எழுதியிருந்தாய். வகுப்பு நடக்கும் மாதங்களில் முடியும், பிளேஸ்மென்ட் மாதங்களில் முடியாது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடு. தொடங்கும் முன் தடுப்பூசிச் சான்று, குற்றப் பின்னணிச் சோதனை போன்றவையும் கேட்பார்கள். சீக்கிரமே ஏற்பாடு செய்.

அங்கே எனக்குக் கடினமாக இருந்தது எது தெரியுமா? சும்மா இருப்பது. ஒருவர் காலுறை போட்டுக்கொள்ளப் போராடுகிறார். நெற்றியில் வேர்க்கிறது. எட்டிக் குனிந்தால் அரை நிமிடத்தில் போட்டுவிடலாம். குனியக் கூடாது. விழுந்துவிடாதபடி அருகில் நிற்க வேண்டும், எந்த இடத்தில் தடுக்குகிறது என்று பார்க்க வேண்டும், அந்த இடத்தில் மட்டும், அதுவும் முதலில் ஒரு சொல்லாக, அது போதாவிட்டால் ஒரு தொடுதலாக, உதவ வேண்டும். வீட்டில் பாசத்தோடு வளர்ந்த கைகளுக்கு இது இயல்பாக வராது. என் சூப்பர்வைசர் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்பார்: "இப்போது ஏன் கை நீட்டினாய்?" நீட்டாவிட்டால், "ஏன் நீட்டவில்லை?" எந்தப் பக்கம் சாய்ந்தாலும் காரணம் சொல்லத் தெரிய வேண்டும், அதை எழுத்திலும் வைக்க வேண்டும். பதிவுபெற்ற தெரபிஸ்ட் ஆன பிறகு அந்தக் காரணத்துக்கு நீயே பொறுப்பு. அதற்காகத்தான் இவ்வளவு கிடுக்கிப்பிடி.

நோயாளிகளைப் பற்றிப் பெயர், அடையாளம் எதுவும் எழுதமாட்டேன், நீ என்றாலும்கூட. பொதுவாக ஒன்று சொல்கிறேன். சி.ஓ.பி.எம். என்றொரு நேர்காணல் முறை உண்டு. எந்தெந்தச் செயல் தனக்கு முக்கியம் என்று நோயாளியே சொல்லி, எவ்வளவு நன்றாகச் செய்கிறார், எவ்வளவு திருப்தி என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் அவரே மதிப்பெண் போடுவார். குளிப்பதும் உடுத்துவதும்தான் எல்லாருக்கும் முதலிடம் என்று நினைத்துக்கொண்டு போனேன். பலர் அதைச் சொல்வதே இல்லை. பேத்தியின் பள்ளிக்கு நடந்து போக வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், தானே கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் வைக்க வேண்டும் என்பார்கள். அப்படிப்பட்ட விருப்பத்திலிருந்து தொடங்கினால் குளிப்பது தானாகவே பின்னால் வரும்.

எல்லாம் இனிமை என்று நினைத்துவிடாதே. ஒரு மருத்துவமனையில் நான் இருந்த காலம் முழுக்கப் படுக்கை காலியாக வேண்டும் என்ற அவசரம்தான். வீட்டில் தனியாக இருக்க முடியுமா என்று பார்க்கச் சமையலறையில் தேநீர் போடச் சொல்லிப் பார்ப்போம். கெட்டிலில் தண்ணீர் ஊற்ற மறக்கிறாரா, சூடான கோப்பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாரா என்று கவனிக்க நேரம் வேண்டும். பாதியில் வார்டிலிருந்து வந்து "ஓ.கே.வா, வீட்டுக்கு அனுப்பலாமா?" என்று கேட்பார்கள். இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்று சொல்லும் துணிச்சல் மாணவிக்கு எளிதில் வராது. அன்றைக்கு என் சூப்பர்வைசர்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன்.

பிரதிபலிப்புக் கட்டுரை என்று வாரம் தவறாமல் எழுதவைப்பார்கள். எனக்கு அது சலிப்பு. உனக்குப் பிடிக்கும், கல்லூரியிலேயே நாட்குறிப்பு எழுதியவள் நீ.

இனி என் பக்கத்துச் செய்தி. கடைசி பிளேஸ்மென்ட் ஒன்று பாக்கி, குழந்தைகள் பிரிவில். ஆய்வுக் கட்டுரை பாதியில் நிற்கிறது. அவை முடிந்ததும் பதிவுக்கு விண்ணப்பம். பெரியவர்களின் நரம்பியல் வார்டுதான் எனக்குச் சரிப்படும் என்று இப்போது நினைக்கிறேன். குழந்தைகளைப் பார்த்துவிட்டு மனம் மாறினாலும் மாறும். தோள்வலி போய்விட்டது, உறக்கம் பரவாயில்லை.

நீ செய்ய வேண்டியது: விண்ணப்பத்தோடு வைக்கும் உன் கட்டுரையை முதலில் எனக்கு அனுப்பு. அதில் "பிறருக்கு உதவ ஆசை" என்ற வரி இருந்தால் சிவப்பு மையால் அடித்துவிடுவேன், எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அந்தத் தெரபிஸ்ட் நாற்காலியை அளந்ததைப் பார்த்தபோது உனக்கு என்ன தோன்றியது என்று எழுது. அப்புறம் அம்மா அந்த நாற்காலியிலிருந்து இப்போது எப்படி எழுகிறார்கள், கையை எங்கே ஊன்றுகிறார்கள், எந்தக் காலை முதலில் வைக்கிறார்கள் என்று கவனித்து எனக்கு எழுதி அனுப்பு. உதவாமல் பார்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி