எத்தனை பேர் என்று கேட்டால்

அன்புள்ள முரளிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. கிணற்று மோட்டாரில் மறுபடி காயில் போய்விட்டது. மற்றதெல்லாம் போனில் சொன்னதுதான்.

2019-ல் ஜப்பானில், தோக்கியோ நிஷி காசாயில் உங்களோடு இருந்தபோது நீ எழுதிக்கொடுத்த சாப்பாட்டுச் சொற்கள் பழைய டைரியில் அகப்பட்டன. உட்கார்ந்ததும் ‘இததாகிமாஸ்’. தலைக்கு மேல் ஏந்தி வாங்கிக்கொள்வது என்று பொருள் சொன்னாய். பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி என்று அம்மா உடனே பிடித்துக்கொண்டாள். முடித்ததும் ‘கோச்சிசோசாமா தேஷ்தா’. நமக்காக ஓடியாடிச் சமைத்தவருக்குச் சொல்வது. எனக்குத்தான் கடைசிவரை வாயில் நுழையவில்லை. அதற்குச் சமைத்தவர், ஏதோ எளிய சாப்பாடுதான் என்கிற மாதிரி ‘ஒசோமாட்சுசாமா’ என்பாராம். காயத்ரி வேளாவேளைக்குச் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. முந்தாநாள் நீ பேசிக்கொண்டிருந்தபோது ‘அதாதமேமாஸ்கா’ என்று கொன்பினிக் கடைப் பெண் கேட்டது எனக்கே காதில் விழுந்தது. சூடு பண்ணித் தரவா என்கிறாள். அங்கே ராத்திரி மணி பதினொன்றரை. கறியும் மீனும் சாப்பிடுவதில்லை, ‘நிகு தோ சகானா வா தபேமாசென்’ என்று மட்டும் சொன்னால் போதாது. கறி, மீன் துண்டை எடுத்துவிட்டுத் தருவார்கள், தாஷி என்கிற அடிச்சாறு அப்படியே இருக்கும். மிசோ சூப், உடோன் சாறு எல்லாம் பெரும்பாலும் கட்சுவோ மீன் சீவலைக் கொதிக்கவிட்ட தண்ணீர்தானே. தாஷி எதில் செய்தது என்று கேள். என்2 பரீட்சை பாஸ் பண்ணியவனுக்கு நான் ஜப்பானியம் சொல்லித்தருகிறேன் பார். நம் தெருவில் வேறு யார் பிள்ளை எழுதினான்? ஆனால் நீ கேட்க மாட்டாய். பேசாமல் விழுங்கிவிட்டு வருவாய். நேரத்துக்காவது சாப்பிடு.

ஓட்டல் வாசலில் ‘நான்மெய்சாமா தெஸ்கா’ என்பார்களே, எத்தனை பேர் என்று. நான் முந்திக்கொண்டு நாலு விரல் காட்டுவேன். இப்போது நீ எத்தனை விரல் காட்டுகிறாய்? பதில் எழுத வேண்டாம். வத்சலா அத்தை ஈரோட்டுக் கல்யாணத்தில் காயத்ரியைப் பார்த்தாளாம். லீவில் வந்திருப்பாள் என்று நானே சொல்லிவைத்தேன்.

1994-ல் அம்மா இரண்டு மாதம் கரூரில் இருந்தாள், நீ மூன்றாம் வகுப்பு. பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தேன். பாட்டிக்கு ஒன்றுமில்லை. ரசத்தில் உப்பு கூடிவிட்டதென்று தட்டை வீசினேன். நீ பார்த்தாய். சாப்பிடும்போது பேசக்கூடாது என்று சட்டம் போட்டவனே நான்தானே, தட்டில் இருந்ததைச் சத்தமில்லாமல் முடித்துவிட்டு எழுந்தாய். போய்க் கூப்பிட எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. தாத்தாதான் கொண்டுவந்து விட்டார். இன்றுவரை அதைப் பற்றி அவளிடம் நான் வாய் திறந்ததில்லை. நேற்று ராத்திரி சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து, டைரியைப் பார்த்துப் பார்த்து ‘கோச்சிசோசாமா தேஷ்தா’ என்றேன். ‘மோருக்கு உப்பு பத்தலையா?’ என்றாள்.

பருப்புப்பொடியும் வேப்பிலைக்கட்டியும் இதோடு வருகின்றன. இரண்டு பேர் சாப்பிடுகிற அளவு. குறைத்து வைக்கலாமே என்றேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் முழுசாகவே கட்டிவிட்டாள்.

அப்பா