வீட்டில் வாயாடும் பிள்ளை வகுப்பில் பேசாவிட்டால்: சித்தூர் தாலுக்கா ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தொடக்கப் பள்ளி டீச்சர்மாருக்கும் சார்மாருக்கும் வணக்கம்.

வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம். வாய் திறக்காத பிள்ளையைப் பார்த்தால் "பாஷை பிடிபடலை, போகப் போகச் சரியாயிடும்" என்கிறோம். பல பிள்ளைகளுக்கு அது உண்மைதான். புது மொழி காதுக்குப் பழகச் சில மாதம் ஆகும். பள்ளி திறந்த முதல் மாதத்தை வைத்து எதையும் முடிவுகட்டவும் கூடாது.

ஆனால் தமிழிலேயே கேட்டும் பதில் வரவில்லை, அதே பிள்ளை வீட்டுத் திண்ணையில் ஓயாமல் பேசுகிறது என்றால் காரணம் வேறு. செலக்டிவ் மியூட்டிசம் என்ற பதற்றக் கோளாறாக இருக்கலாம். பெரும்பாலும் 5 வயதுக்குள் தொடங்கும். பள்ளியில்தான் வெளியே தெரியும். திமிர் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பயத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

முதலில் கழிப்பறை. "ஒண்ணுக்குப் போகணும்" என்று கேட்க முடியாமல் முழங்காலை இறுக்கிக்கொண்டு மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். பெஞ்சில் ஒரு சிவப்பு அட்டை வையுங்கள், காட்டினால் போகலாம் என்று. இதை நாளைக்கே செய்யலாம்.

பிறகு பேச்சு. பள்ளி விட்டதும் காலி வகுப்பறையில் அம்மாவும் பிள்ளையும் மட்டும் 10, 15 நிமிடம் விளையாடட்டும். குரல் இயல்பாக வந்தபின் டீச்சர் வாசலில் நிற்கலாம். அடுத்த நாள் உள்ளே, முகம் பார்க்காமல், நோட்டுத் திருத்திக்கொண்டு. அப்புறம் பக்கத்தில், கடைசியில் ஆட்டத்தில். குரல் நின்றால் ஒரு படி பின்னால் போங்கள். அவசரப்பட்டால்தான் இது கெடும்.

"பசிக்குதா?" என்றால் தலையாட்டலோடு முடிந்துவிடும். "பச்சையா, சிவப்பா?" என்று கேட்டு மனசுக்குள் 5 எண்ணுங்கள். பதில் வந்தால் "சரி, பச்சை" என்று மேலே போங்கள். வகுப்பே கைதட்டினால் அந்த வாய் மறுபடி மூடிக்கொள்ளும். "அவன் பேசமாட்டான் டீச்சர்" என்று பக்கத்துப் பிள்ளை முந்துவதையும் நிறுத்துங்கள். பேசவைக்க பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்துவது மன வதை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது.

ஒரு மாதம் தாண்டியும் மாற்றமில்லையா? மாவட்ட மனநலத் திட்டக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். மதிப்பீடு தமிழிலும் நடக்கட்டும். மலையாளத்தில் மட்டும் சோதித்தால் தெரியாத மொழியையும் பயத்தையும் பிரித்தறிய முடியாது.

தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வாய்மொழித் தேர்வில் இந்தப் பிள்ளைகளுக்குப் பூஜ்யம் போடாதீர்கள். பிள்ளை சம்மதித்து வீட்டில் போனில் பதிவு செய்து தரும் வாசிப்புக்கு மார்க் கொடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் மனநலப் பணியில் இருப்போர் சிலர்