இன்னொரு முறை கேட்டால் என்ன குடி முழுகிவிடும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறும் பிரெக்ஸிட் பற்றிப் போன வாரம் வந்த உங்கள் தலையங்கத்தை லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருந்து படித்தேன். மக்கள் 2016இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், மறுபடியும் வாக்கெடுப்பு வேண்டும் என்பவர்கள் தோற்றுப்போன ஆத்திரத்தில் கேட்கிறார்கள், அதற்கு இடம் கொடுத்தால் ஜனநாயகம் கெட்டுவிடும் என்று எழுதியிருந்தீர்கள். ஆத்திரம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். 2019 மார்ச் 23ஆம் தேதி மறுவாக்கெடுப்பு கேட்டு லண்டனில் நடந்த ஊர்வலத்தில் பாதிப் பேர் முகத்தில் அதுதான் தெரிந்தது. ஆனால் கேட்கும் விஷயம் நியாயமா என்பதற்கும் கேட்பவன் முகம் எப்படி இருக்கிறது என்பதற்கும் சம்பந்தம் இல்லையே.

2016 ஜூன் 23 வாக்கெடுப்பு செல்லாது என்று நான் சொல்லவில்லை. வெளியேறலாம் என்றவர்கள் 1,74,10,742 பேர், இருக்கலாம் என்றவர்கள் 1,61,41,241 பேர். பன்னிரண்டரை லட்சத்துக்கும் மேல் வித்தியாசம், ஜெயித்தது ஜெயித்ததுதான். ஒன்றியத்துக்கு வாரத்துக்கு 350 மில்லியன் பவுண்ட் அனுப்புகிறோம் என்று பேருந்தில் எழுதி ஊரைச் சுற்றினார்கள், செலவு வரம்பை மீறியதற்காக வெளியேறும் பக்கத்துப் பிரசார அமைப்பான 'வோட் லீவ்'வுக்குத் தேர்தல் ஆணையம் 61,000 பவுண்ட் அபராதம் போட்டது, எல்லாம் நடந்ததுதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு முடிவையே தூக்கிக் குப்பையில் போடு என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பொய் பேசாத தேர்தல் எந்த ஊரில் நடந்திருக்கிறது?

என் வாதம் வேறு. அன்று கேட்டது ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்று மட்டும்தான். வெளியேறி எங்கே போய் நிற்பது என்று வாக்குச்சீட்டு கேட்கவில்லை. நார்வே மாதிரி, சரக்கும் ஆளும் தடையில்லாமல் போய்வரும் ஒற்றைச் சந்தைக்குள் இருந்துகொள்ளலாம் என்று நினைத்தவரும், கனடா மாதிரி வணிக ஒப்பந்தம் போதும் என்றவரும், எந்த ஒப்பந்தமும் வேண்டாம், கதவைச் சாத்திவிட்டு வா என்றவரும் ஒரே கட்டத்தில்தான் குறி போட்டார்கள். ஒற்றைச் சந்தையும் வேண்டாம், வெளிச்சரக்குக்கு எல்லாரும் ஒரே வரி போடும் சுங்க ஒன்றியமும் வேண்டாம் என்று 2017 ஜனவரியில் ஓர் உரையில் முடிவு கட்டியவர் பிரதமர் தெரசா மே. யாரைக் கேட்டு? வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் எல்லை இருக்கிறது, அங்கே மறுபடி சோதனைச்சாவடி வந்தால் பல வருஷச் சண்டைக்குப் பிறகு 1998இல் வந்த சமாதானம் என்ன ஆகும் என்பதை அந்தப் பிரசாரத்தில் இங்கிலாந்துக்காரர்கள் பேசி நான் கேட்டதே இல்லை. இன்று எல்லாரும் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் 'பேக்ஸ்டாப்', அதாவது அந்த எல்லையில் சோதனை வராமல் தடுக்கும் ஏற்பாடு, அதற்காக வந்ததுதான்.

இப்போது கையில் ஒரு காகிதம் இருக்கிறது, வெளியேறும் ஒப்பந்தம். 585 பக்கம். 2018 நவம்பரில் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் முடிவானது. அதை மே மூன்று தடவை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார்: 2019 ஜனவரியில் 230 வாக்கு வித்தியாசத்தில் தோல்வி, மார்ச் 12இல் 149, மார்ச் 29இல் 58. ஒரே தீர்மானத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்று சபாநாயகர் பெர்கோ 1604ஆம் வருஷத்து மரபையெல்லாம் தோண்டி எடுத்தார். 650 எம்.பி.க்களை மூன்று முறை கேட்கலாமாம், மக்களை இரண்டாவது முறை கேட்டால் துரோகமாம். சரி, இதை இங்கே எல்லாரும் சொல்லிச் சொல்லிப் புளித்துவிட்டது, விடுங்கள்.

எம்.பி.க்களாவது வேறு வழி சொன்னார்களா என்றால் அதுவும் இல்லை. மார்ச் 27இல் எட்டு யோசனை, எட்டும் தோல்வி. ஏப்ரல் 1இல் நான்கு, நான்கும் தோல்வி. (அன்றுதான் பருவநிலைப் போராட்டக்காரர்கள் பார்வையாளர் மாடத்தில் துணியை அவிழ்த்துவிட்டு நின்றார்கள். ஏப்ரல் 4இல் அவையின் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டிக் கூட்டத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. கதை எழுதுகிறவன்கூட இப்படி எழுதினால் மிகை என்பார்கள்.) சுங்க ஒன்றிய யோசனை 3 வாக்கில் போயிற்று. எந்த ஒப்பந்தமானாலும் மக்கள் ஒப்புக்கொண்டால்தான் செல்லும் என்ற யோசனை 280க்கு 292, பன்னிரண்டு வாக்கில் போயிற்று. ஆனால் இரண்டு நாளிலுமே அதிகம் பேர் 'ஆம்' சொன்னது இந்த வாக்கெடுப்பு யோசனைக்குத்தான். இதைத் தோற்ற கும்பலின் கூச்சல் என்று தள்ளிவிட முடியுமா?

ஒருமுறை கேட்டதை மறுபடி கேட்பது ஜனநாயக நாட்டில் வழக்கமில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அது சரியில்லை. டென்மார்க் 1992இல் ஒன்றியத்தின் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை வாக்கெடுப்பில் நிராகரித்தது, சில விலக்குகள் வாங்கிக்கொண்டு 1993இல் ஏற்றது. அயர்லாந்து நீஸ் ஒப்பந்தத்தை 2001இல் தள்ளி 2002இல் ஏற்றது, லிஸ்பனை 2008இல் தள்ளி 2009இல் ஏற்றது. பிரஸ்ஸல்ஸுக்குப் பிடித்த பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று ஐரிஷ்காரர்களே கடுப்பாகச் சொல்வதுண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் கேட்காமல் விட்ட இடங்களையும் பாருங்கள். 2005இல் பிரான்ஸும் நெதர்லாந்தும் ஐரோப்பிய அரசியல் சாசனத்தை வாக்கெடுப்பில் தூக்கி எறிந்தன. அதில் இருந்தவற்றில் பெரும்பகுதியை லிஸ்பன் ஒப்பந்தம் என்று பேர் மாற்றிக் கொண்டுவந்து, மக்களிடம் போகாமல் நாடாளுமன்றத்திலேயே நிறைவேற்றிக்கொண்டார்கள். கிரீஸில் 2015 ஜூலை 5இல் நூற்றுக்கு 61 பேர் கடன் நிபந்தனைகளை வேண்டாம் என்றார்கள், ஒரு வாரம் கழித்து அந்நாட்டுப் பிரதமர் சிப்ராஸ் அதைவிடக் கடுமையானதற்குச் சம்மதித்தார். மக்களை அவமதிப்பது எது, மறுபடி போய்க் கேட்பதா, கேட்காமல் மாற்றிக்கொள்வதா?

இன்னொரு வேடிக்கை. 52-48 என்று வந்தால் விஷயம் முடிந்ததாக ஆகாது என்று 2016 மே மாதமே சொன்னவர் வெளியேறும் பக்கத்துத் தலைவர் நைஜல் ஃபராஜ், அப்போது அவர் தோற்போம் என்று நினைத்திருந்தார். வாக்குப்பதிவு 75 சதவீதத்துக்குக் குறைந்து, ஜெயித்த பக்கம் 60 சதவீதம் எட்டாவிட்டால் மறுபடி நடத்து என்று இணையத்தில் மனுப் போட்டதும் வெளியேறும் பக்கத்து ஆள்தான். முடிவு வந்த பிறகு அதே மனுவில் நாற்பது லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள், எல்லாம் எதிர்ப்பக்கம்!

மக்கள் தீர்ப்பு என்கிறோமே, அந்த மக்கள் யார் யார் என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். நான் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவன். காமன்வெல்த் குடிமகன் என்பதால் 2016இல் எனக்கு வாக்கு இருந்தது, போய்ப் போட்டேன். எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் பெண்மணி லிதுவேனியாக்காரர், அந்த நாடு 2004இல் ஒன்றியத்தில் சேர்ந்ததும் வந்தவர், ஆஸ்பத்திரியில் வேலை, பிள்ளைகள் இங்கேயே பிறந்தவை. அவருக்கு வாக்கு இல்லை. அவர் தலையெழுத்தை நிர்ணயிக்க எனக்கு உரிமை, அவருக்குக் கிடையாது. போன சனிக்கிழமை, மார்ச் 30, ஐரோப்பாக்காரர்கள் இங்கே தொடர்ந்து குடியிருக்க விண்ணப்பிக்கும் திட்டம் முழுதாகத் திறந்தது. அதற்கான செயலி அப்போது ஆண்ட்ராய்டில் மட்டும்தான் ஓடியது, அவர் வைத்திருந்ததோ ஐபோன். என் மகனின் போனை வாங்கி, பாஸ்போர்ட்டை அதன் முதுகில் வைத்து வைத்து எடுத்து, ஐந்தாறு தடவைக்கு அப்புறம்தான் அதிலிருந்த சிப்பைப் போன் படித்தது. முகத்தைப் படம் எடுக்கச் சொன்னபோது, "சிரிக்கலாமா, கூடாதா?" என்று என்னைக் கேட்டார்.

நம் ஆட்கள் நிறையப் பேர் வெளியேறத்தான் வாக்களித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஈஸ்ட் ஹாம் அடங்கிய எங்கள் நியூஹாம் வட்டாரத்தில் இருக்கலாம் என்றவர்கள் 53 சதவீதம்தான், பக்கத்து பார்க்கிங் - டாகன்ஹாமில் வெளியேறலாம் என்றவர்கள் 62. ஐரோப்பாக்காரர்களைக் குறைத்தால் தெற்காசியச் சமையல்காரர்களுக்கு விசா தாராளமாகும் என்று அப்போது அமைச்சராக இருந்த பிரீத்தி படேல் கறி ஹோட்டல்காரர்களிடம் பிரசாரம் செய்தார். மூன்று வருஷம் ஆகப்போகிறது. பார்சல் கட்டிக் கொடுக்கும் ஹோட்டலென்றால், ஆள் கிடைக்காத வேலைகளுக்கு விசா தரும் பற்றாக்குறைத் தொழில் பட்டியலில் சமையல்காரரைக் கூப்பிட முடியாது என்ற விதி 2019 ஏப்ரலிலும் அப்படியேதான் இருந்தது. பார்சல் இல்லாத தோசைக்கடை எங்கே இருக்கிறது?

ஆனாலும் மறுவாக்கெடுப்பு கேட்கும் என் பக்கத்தவர்கள் சிலர் பேசுவது காதில் விழுந்தால் கூசுகிறது. வெளியேற வாக்களித்த கிழடுகள் இதற்குள் பாதி செத்திருக்கும், இப்போது நடத்தினால் ஜெயித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். இது வாதமா? வடக்கு இங்கிலாந்தின் டான்காஸ்டரில் 69 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். அங்கிருந்து வந்த கரோலின் ஃபிளின்ட் போன்ற லேபர் கட்சி எம்.பி.க்கள் மறுவாக்கெடுப்பை எதிர்த்து வாக்களித்ததில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. அந்தத் தொகுதிக்குப் போய், நீங்கள் சொன்னது எங்களுக்குப் புரியவில்லை, திருத்திச் சொல்லுங்கள் என்று யார் நிற்பது? அதைவிடப் பெரிய பயமும் ஒன்று இருக்கிறது. 2016 வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்னால் ஜோ காக்ஸ் என்ற எம்.பி.யை நடுத்தெருவில் ஒருவன் கொன்றான். அப்படி ஒரு பிரசாரத்தை இந்த நாடு இன்னொரு முறை தாங்குமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

அதனால் நடத்துவதானால் ஒழுங்காக நடத்த வேண்டும். 2016 வாக்கெடுப்பு சட்டப்படி வெறும் ஆலோசனைதான். 2011இல் வாக்குமுறையை மாற்றலாமா என்று நடந்த வாக்கெடுப்போ அரசைக் கட்டுப்படுத்துவதாகச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. இந்த முறையும் அப்படி எழுதட்டும். தேர்வு இரண்டே: இந்த 585 பக்க ஒப்பந்தப்படி வெளியேறுவதா, இருந்துவிடுவதா. ஒப்பந்தமே இல்லாமல் போவதையும் மூன்றாவதாகச் சேர்க்கச் சொல்கிறார்கள், அதற்கு எழுத்தில் ஒரு பக்கம்கூடக் கிடையாது, நான் சேர்க்க மாட்டேன். சட்டம் இயற்றி, கேள்வியைச் சோதித்து, பிரசாரம் நடத்தக் குறைந்தது 22 வாரம் ஆகும் என்கிறார்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள். வெளியேற விதித்திருக்கும் ஏப்ரல் 12ஆம் தேதிக் கெடுவைத் தள்ளிப்போட்டால்தான் அது நடக்கும். வெளியேறும் பக்கமே மறுபடி ஜெயித்தால்? மறுநாளே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும், மூன்றாவது வாக்கெடுப்புக்கு நான் வரமாட்டேன்.

கடைசியாக ஒன்று. படிக்கவும் வேலைக்கும் இங்கே வந்திருக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் உங்கள் பத்திரிகையை இணையத்தில் படிக்கிறார்கள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் முறையான விசாவோடு இருந்தாலே வாக்குண்டு என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. 2019 மே 2இல் லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தின் பல ஊர்களில் கவுன்சில் தேர்தல், அதற்குப் பெயர் பதிய ஏப்ரல் 12 கடைசி நாள். வெளியேறும் கெடு நீண்டால் மே 23இல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலும் வரும், அதிலும் நமக்கு வாக்குண்டு. இதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்
5 ஏப்ரல் 2019