இஸ்பேட் ஏழு

கண்ணு,

போன வாரம் பேசும்போது, நீ போனில் காசு கட்டி ரம்மி ஆடிய பேச்சு வந்ததும் உங்கம்மா சத்தம் போட்டுவிட்டாள். "நம்ம வீட்டுலயே எல்லாரும் ஆடுனவங்கதானே" என்றாய். நியாயமான கேள்விதான். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நோம்பிக்குச் சொந்தபந்தம் கூடினால் ராத்திரி ஆசாரக் கூடத்தில் பாய் விரித்து உட்காருவோமே, ஞாபகம் இருக்கிறதா? ரெண்டு கட்டு, பந்தயம் புளியங்கொட்டை. இஸ்பேட் ஏழு ஒன்று தொலைந்துபோய், கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி ஏழு என்று எழுதி வைத்திருந்தோம். அது யார் கையில் இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதை வைத்தே ஆடுவோம். ஆத்தா பள்ளிக்கூடம் போகவில்லை, ஆனால் கீழே விழுந்த சீட்டு ஒன்றைக்கூட மறக்காது. "மூணு ராஜா கீழ போயிருச்சு, நீ இன்னும் ராஜாவுக்கே காத்துக்கிட்டு இருக்கறயா" என்று உன்னைக் கேட்கும்.

19ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவில் 40 சீட்டு வைத்து ரெண்டு பேர் ஆடிய கான்கியன்தான் ரம்மிக்கு மூலம் என்கிறார்கள். எங்கிருந்தோ கிளம்பி நம் ஆசாரத்துக்கு வந்துவிட்டது. 1968இல் ஒரு செகந்திராபாத் கிளப் வழக்கில் சுப்ரீம் கோர்ட், ரம்மி மூணு சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டம் இல்லை, விழுந்த சீட்டை நினைவில் வைக்கவும் பார்த்துக் கழிக்கவும் திறமை வேண்டும் என்றது. ஆத்தாவைப் பார்த்துவிட்டு எழுதியது போல இருக்கும். அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு: ஆட்டம் நடத்துகிறவன் அதில் லாபம் பார்த்தால் குற்றமாகலாம். எனக்கு அதுதான் முக்கியம்.

உனக்குச் சொல்லாத விஷயம் ஒன்று. நான் எட்டாவது படிக்கும்போது, ஈரோட்டில் மஞ்சள் விற்ற பணத்தை உன் அப்பாரு ஒரு கிளப்பில் விட்டுவிட்டு வந்தார். ஆட்டத்துக்கு ஆட்டம் அங்கே கமிஷன் பிடிப்பார்களாம். விடிகாலையில் வந்தவர் வீட்டுக்குள் வராமல் கட்டுத்தரையில் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆத்தா ஒன்றும் கேட்காமல் சோற்றை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தது. அந்த வருசம் ஆத்தா காதில் தோடு இல்லை.

அப்பாருக்காவது எதிரில் உட்கார்ந்தவன் முகம் தெரிந்தது. பையில் காசு தீர்ந்ததும் எழுந்து பஸ் ஏறியாக வேண்டும். போனில் அதுவும் இல்லை. 2022இல் தமிழ்நாடு ஆன்லைன் ரம்மிக்குத் தடைச் சட்டம் போட்டது. 2023இல் ஐகோர்ட் ரம்மியையும் போக்கர் சீட்டாட்டத்தையும் அந்தத் தடையிலிருந்து எடுத்துவிட்டது. அப்புறம் 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட், காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்தது. சட்டம் இருக்கட்டும். தடைக்கு முன்னால் ராத்திரி ஒரு மணிக்கு ரூமில் தனியாக உட்கார்ந்து ஆடினேன் என்றாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எவ்வளவு போனதென்று கேட்கமாட்டேன். கடன் ஏதாவது மிச்சம் இருந்தால் மறைக்காமல் சொல், சேர்ந்து கட்டிவிடலாம்.

நோம்பிக்கு ரெண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. கட்டு பீரோவில்தான் இருக்கிறது, பத்திரிகை ஏழும் இருக்கிறது. ஆத்தாவுக்கு இப்போது கண் மங்கல். பக்கத்தில் உட்கார்ந்து சீட்டைப் பார்த்துக் காதில் சொல்ல ஆள் வேண்டும், உன்னைத்தான் கேட்கிறது.

அப்பா