டேப்பெட்டிலிருந்து ஆரம்பி, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. மஞ்சள் வேகவைக்க ஆட்கள் வந்து களத்தில் நின்றதால் அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டேன், அதிலிருந்து எனக்கு அதே வெசனம்தான். வண்டியை நான் பெங்களூருக்கு எடுத்துக்கொள்கிறேன், ஆனால் என்ஜினை மட்டும் புதுசாக மாற்றிவிடலாமா அப்பா என்று கேட்டாய். வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். என்ஜினைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், எழுதினால் டேஷ்போர்டு பெட்டியிலேயே வைத்துக்கொள்வாய்.

என்ஜினை மாற்ற வேண்டாம் சாமி. உன் அப்பாரு, அதாவது என் அப்பா, 1977-இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 3 அது. 1489 சிசி, நாலு சிலிண்டர், இங்கிலாந்தில் பி.எம்.சி. கம்பெனி போட்ட டிசைன். இதே பிளாக்கில், பெட்ரோலையும் காற்றையும் கலக்குகிற கார்ப்பரேட்டர் ரெண்டைப் பூட்டி அவர்கள் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரே ஓட்டினார்கள். கொல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் அம்பாசிடர் தொழிற்சாலையை 2014-இல் மூடிவிட்டாலும், அத்தனை வருசம் ஓடிய வண்டி என்பதால் பாயிண்ட், கன்டென்ஸர், பேக்கிங் செட் எல்லாம் இன்றைக்கும் தேடினால் கிடைக்கிறது, கிடைக்காததற்குக் கோயமுத்தூர் லேத் பட்டறைகள் இருக்கின்றன. இந்த என்ஜினுக்கு வேண்டியது மூணு ஸ்பேனர், ஒரு திருப்புளி, இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள் கொண்ட ஒரு ஃபில்லர் கேஜ், ஒரு டெஸ்ட் லாம்ப், அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

நீ ஒன்பதாவது படிக்கும்போது மைசூர் போனோமே, திம்பம் மலையில் ஏறும்போது வண்டி இருமி இருமி நின்றது ஞாபகம் இருக்கிறதா? ஆறவிட்டால் ஓடும், சூடு ஏறினால் மறுபடியும் இருமும். ஊருக்கு வந்ததும் ஒரு பட்டறையில் விட்டேன். கார்ப்பரேட்டரை ரெண்டு தடவை கழற்றிக் கழுவிக் கொடுத்தார்கள். அப்போதும் சரியாகாமல் மூணாவது தடவை, வால்வு போய்விட்டது, ஹெட்டை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து பெரிசாக்குகிற ரீபோர் வரைக்கும் செய்ய வேண்டும் என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து சாளையில் நிறுத்திவிட்டு, பொழுது சாய்ந்த நேரத்தில் டார்ச் வைத்துக்கொண்டு, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தேன். உள்ளே கரண்டைத் திறந்து மூடுகிற சின்ன சுவிட்ச்தான் பாயிண்ட். அதில் ஒரு பக்கம் கடுகளவு குழி, எதிர்ப்பக்கம் அதே அளவுக்கு ஒரு மேடு. ஒரு பக்கத்து உலோகம் எரிந்து மறுபக்கம் போய் ஒட்டியிருக்கிறது. பாயிண்ட்டில் பொறி அடிக்காமல் காக்கிற கன்டென்ஸர் கெட்டால் பாயிண்ட் திறக்கும் நேரத்தில் பொறி அங்கேயே அடித்துவிடும், பிளக்குக்குப் போய்ச் சேராது. சூட்டில் இன்னும் மோசமாகும். கன்டென்ஸரையும் பாயிண்ட்டையும் மாற்றினேன், அவ்வளவுதான். அன்றைக்கு மாற்றிய பின்பு ஹெட்டை இன்றுவரை இறக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், பெட்ரோல் கோளாறு மாதிரித் தெரிவதில் பாதிக்கு மேல் கரண்ட் கோளாறு. எல்லாரும் முதலில் கார்ப்பரேட்டரில்தான் கை வைப்பார்கள், ஏனென்றால் அது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, ஸ்க்ரூவும் திருப்ப லேசாக இருக்கிறது. நீ அதைக் கடைசியில் தொடு. முதலில் டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அமுக்குகிற கைக்கும் நடுவே இருக்கிற இடைவெளி, அப்புறம் பிளக், அப்புறம் பாயிண்ட், அப்புறம் டைமிங், அதாவது பொறி அடிக்கிற நேரம், அதெல்லாம் சரியான பிறகுதான் கார்ப்பரேட்டர். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதை நோட்டில் எழுத வேண்டும். ரெண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று உனக்குத் தெரியவே தெரியாது.

டேப்பெட்டை என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும், அதுவும் ராத்திரி முழுக்க நின்ற வண்டியாக இருந்தால் உத்தமம். மேல் மூடியில் ரெண்டு நட்டுத்தான். நாலு பிளக்கையும் கழற்றிவிட்டால் ஹேண்டில் போட்டுச் சுற்ற உன் கைக்கே லேசாக இருக்கும். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொள். கணக்கு ஒன்பதுதான். எட்டாவது வால்வு முழுசாகத் திறந்து கீழே அமுங்கியிருக்கும்போது ஒன்றாவதைப் பார், ஆறாவது திறந்திருக்கும்போது மூணாவது, நாலாவது திறந்திருக்கும்போது அஞ்சாவது, ஏழாவது திறந்திருக்கும்போது ரெண்டாவது, இப்படி ரெண்டையும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். கேப் 15 தௌ, அதாவது அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் 15 பங்கு, ஏறக்குறைய 0.38 மில்லிமீட்டர். ஃபில்லர் தகட்டை உள்ளே விட்டு இழுக்கும்போது, கனமான கணக்குப் புத்தகத்துக்கு நடுவே வைத்த ரூபாய் நோட்டை உருவுகிற மாதிரி இருக்க வேண்டும், வழுக்கிக்கொண்டு வந்தால் லூசு, மடங்கினால் டைட்டு. அப்புறம் ஒரு விசயம், லாக் நட்டை முறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து கொஞ்சம் சுற்றிவிடும், அதனால் முறுக்கிய பிறகு இன்னொரு தடவை தகடு விட்டுப் பார்க்காமல் அடுத்த வால்வுக்குப் போகாதே. சத்தம் வருகிறதே என்று கேப்பைக் குறைக்கவும் கூடாது. கேப் பத்தாவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வு முழுசாக உட்காராது, சூட்டை ஹெட்டுக்கு இறக்க முடியாமல் ஓரம் எரிந்துவிடும்.

கழற்றிய பிளக்கை உடனே துடைத்துவிடாதே, முதலில் நிறத்தைப் பார். நாட்டுச்சர்க்கரை நிறத்தில் இருந்தால் என்ஜின் நன்றாக இருக்கிறது. கரி பிடித்திருந்தால் பெட்ரோல் கூடுதல், சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோல் பத்தவில்லை அல்லது எங்கேயோ காற்று உறிஞ்சுகிறது. நாலில் ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் அந்த சிலிண்டரில் மட்டும் தேடு. பிளக் கேப் 25 தௌ.

பாயிண்ட்டுக்கும் 15 தௌதான், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றுகிற கேமின் மேடு பாயிண்ட்டின் ஃபைபர் குதிகாலை முழுசாகத் தூக்கியிருக்கும்போது பார்க்க வேண்டும். அந்தக் குதிகால் தேயத் தேய கேப் குறையும், கேப் குறைந்தால் டைமிங் பின்தங்கும். வண்டி சோர்ந்துபோய் இழுக்காமல் இருப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். அதனால் பாயிண்ட்டைத் தொட்டால் டைமிங்கையும் பார்த்தே ஆக வேண்டும். டெஸ்ட் லாம்பின் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து மெல்லிய வயர் முனையிலும் இன்னொன்றை பாடியிலும் கொடுத்து, சாவியைப் போட்டு, ஹேண்டிலை மெதுவாகச் சுற்று. லாம்ப் எரிகிற அந்த நொடியில் பாயிண்ட் திறக்கிறது. அந்த நேரம் புல்லியில் இருக்கிற வெட்டு, மேனுவலில் சொன்ன குறிக்கு நேராக நிற்க வேண்டும். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, ரோட்டர் இடப்பக்கமாகச் சுற்றும், வயரை மாற்றிப் பூட்டிவிடாதே.

இது முடிந்ததும் ரோட்டில்தான் மிச்சம். பண்ணாரி தாண்டித் திம்பம் ஏற்றத்தில் மூணாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்துப் பார். தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கின மாதிரிச் சத்தம் வந்தால் அட்வான்ஸ் கூடிவிட்டது, பொறி சீக்கிரமே அடிக்கிறது என்று அர்த்தம். மேலே நின்று சரிசெய்கிறேன் என்று நினைக்காதே, அது யானை நடமாடும் காடு, 27 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, திரும்பிப் பண்ணாரிக் கோவில்கிட்ட வந்து நிறுத்திக்கொள். டிஸ்ட்ரிபியூட்டரை மேலிருந்து பார்த்தால் பாடியைக் கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால் அட்வான்ஸ், எதிர்ப்பக்கம் திருப்பினால் ரிடார்டு. திருப்புவது என்றால் மயிரிழைதான். அந்தச் சத்தத்தோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பிஸ்டனில் ஓட்டை விழும், உன் அப்பாரு அதைக் கேட்டாலே வண்டியை ஓரங்கட்டிவிடுவார்.

கார்ப்பரேட்டர் நம்முடையது சோலெக்ஸ். பெட்ரோல் வருகிற சின்ன ஓட்டையான ஜெட்டில் கம்பி விடக் கூடாது, பித்தளை, ஓட்டை பெரிசாகிவிடும், காற்று அடித்தால் போதும். ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போது என்ஜின் ஏறி இறங்கினால் முதலில் இன்டேக் பக்கத்துப் பேக்கிங்கில் காற்று உறிஞ்சுகிறதா பார்: ஒரு முழம் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைப் பேக்கிங் ஓரமாக நகர்த்திக்கொண்டே போ, உறிஞ்சுகிற இடத்தில் "உஸ்" என்று காதிலேயே கேட்கும். ஃபேனிடம் மட்டும் முடியை, துப்பட்டாவைக் கொண்டுபோகாதே.

இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். இந்த வண்டி செய்த காலத்தில் அப்படி ஒரு பெட்ரோலை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பழைய ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரமும் அதில் ஊறி இளகிப்போகின்றன, எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் நின்றால் டேங்கில் துரு, ஃப்ளோட் சேம்பரில் வெள்ளையாகப் பொடி. நான் போன ஆடியில் எல்லாக் குழாயையும் மாற்றினேன், டயஃப்ரம் பாக்கி. பதினஞ்சு நாளைக்கு ஒருதரமாவது ஓட்டு, சும்மா ஸ்டார்ட் செய்து நிறுத்துவதில் பிரயோசனம் இல்லை, எண்ணெய் சூடாகிற அளவுக்கு ஓட வேண்டும். அப்படியே, தெர்மோஸ்டாட் நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று யாராவது எடுத்துவிடச் சொன்னால் கேட்காதே. அது இல்லாவிட்டால் என்ஜின் சூடேற நேரமாகும், அதுவரைக்கும் தேய்மானம்தான்.

எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா என்றும் கேட்டாய். போடு, எனக்கு மறுப்பில்லை, பெங்களூர் டிராஃபிக்குக்கு நல்லதுதான். ஆனால் பழைய பாயிண்ட் செட்டை கன்டென்ஸரோடு டிக்கியில் ஒரு டப்பாவில் வைத்துக்கொள். எலக்ட்ரானிக் போனால் போனதுதான், அதைப் பிரித்துப் பார்த்து ரோட்டோரத்தில் சரிசெய்ய முடியாது. சித்திரை வெயிலில் மலை ஏறி வண்டி திடீரென்று பெட்ரோல் இழுக்காமல் நின்றால் பயப்படாதே, பம்ப் எக்ஸாஸ்ட் சூட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் உள்ளே பெட்ரோல் ஆவியாகியிருக்கும், ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றிப் பத்து நிமிசம் விடு. டேப்பெட் மூடிப் பக்கத்தில் ஒரு பழைய துண்டு எப்போதும் சொருகியிருப்பேனே, அது எதற்கு என்று சின்ன வயசில் கேட்டுக்கொண்டே இருப்பாய்.

அவிநாசி ரோட்டு கார் மியூசியத்துக்கு உன்னைக் கூட்டிப்போனபோது, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் 1920-இல் ஒரே ஒரு பஸ் விட்டு ஆரம்பித்தவர் ஜி.டி. நாயுடு என்று சொன்னேன். இதையெல்லாம் அவரே பிரித்துப் பார்த்தாரா என்று நீ கேட்டாய். அன்றைக்கே எனக்குத் தெரியும், இந்த வண்டி யாரிடம் போக வேண்டும் என்று. உன் தம்பிக்கு இதில் நாட்டமில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

அடுத்த வாரம் வருகிறேன் என்றாயே, சனிக்கிழமை ராத்திரியே வந்துவிடு. உங்கம்மா ஒரம்பரை வீட்டுக்குப் போகலாம் என்பாள், அதை மத்தியானத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். வரும்போது பம்ப் டயஃப்ரம் ஒன்று, மூடிக்குக் கார்க் பேக்கிங் ஒன்று வாங்கி வா, அங்கே கிடைக்காவிட்டால் சொல், நான் கோயமுத்தூர் போய்ப் பார்க்கிறேன். சனிக்கிழமை முழுக்க வண்டியை நான் ஸ்டார்ட் செய்ய மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளென, என்ஜின் ஆறிக் கிடக்கும்போதே டேப்பெட் மூடியைத் திறக்கலாம். இந்தத் தடவை ஃபில்லர் கேஜ் உன் கையில், ஹேண்டில் நான் சுற்றுகிறேன்.

அப்பா